கூடிப் படிக்க ஒரு அளவுகோல்

ஆன்லைன் பாடம் எதை எடுத்தாலும் "கலந்துரையாடல்" என்று ஒரு பகுதி இருக்கும். உள்ளே போய்ப் பாருங்கள். "அசைன்மென்ட் கடைசித் தேதி என்ன?", "ஹால் டிக்கெட் எப்போ வரும்?" என்ற ரகக் கேள்விகள்தான் அதிகம். பாடத்தைப் பற்றிப் பேசுபவர்கள் ரொம்பக் குறைவு. மாணவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பாடத்தை வடிவமைத்தவர்களையும் கொஞ்சம் கேட்க வேண்டாமா?

இந்திய அரசின் ஸ்வயம் தளம் 2017-ல் தொடங்கியது. அதில் ஒரு பாடத்துக்கு நான்கு அங்கங்கள் இருக்க வேண்டும் என்பது விதி: வீடியோ, வாசிக்கும் பாடம், கலந்துரையாடல், சுயமதிப்பீடு. காகிதத்தில் கலந்துரையாடலுக்குக் கால் பங்கு இடம்! மார்க்கில் எவ்வளவு? அந்தத் தளத்தில் வரும் என்பிடெல் பாடங்களில் பொதுவாக அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வு மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75. நூறும் முடிந்துவிட்டது. கலந்துரையாடலுக்குப் பூஜ்யம். மார்க் இல்லாத இடத்தில் மாணவன் ஏன் நேரம் செலவழிப்பான்?

இது சின்ன விஷயம் இல்லை. யுஜிசியின் 2021 விதிப்படி ஒரு செமஸ்டரில் 40 சதவீதப் பாடங்கள் வரை ஸ்வயம் மூலம் படித்து கிரெடிட் வாங்கலாம். பட்டத்தின் பெரும் பகுதியைத் தனியாக உட்கார்ந்து, யாரோடும் வாதாடாமல் முடித்துவிட முடியும் என்று அர்த்தம்.

சரி, கலந்துரையாடலுக்கு மார்க் கொடுத்தால் போதுமா? போதாது. வாரத்துக்கு ஒரு கருத்து, மற்றவர்களுக்கு இரண்டு பதில் என்ற விதி பல ஆன்லைன் பாடங்களில் உண்டு. விளைவு? "அருமையான கருத்து, நானும் உடன்படுகிறேன்." எண்ணிக்கை நிறைந்துவிடும். ஆராய்ச்சி நடக்காது.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ராண்டி கேரிசன், டெரி ஆண்டர்சன், வால்டர் ஆர்ச்சர் மூவரும் 2000-ல் "கம்யூனிட்டி ஆஃப் என்கொயரி", அதாவது கூடி ஆராயும் குழு, என்ற கருத்தை முன்வைத்தார்கள். ஜான் டூயியின் சிந்தனையில் வேர் விட்ட கருத்து இது. ஆராய்ச்சிக்கு நான்கு படிகள் என்கிறார்கள்: ஒரு சிக்கல் எழ வேண்டும், பலரும் தேட வேண்டும், தேடியதை இணைக்க வேண்டும், கடைசியில் முடிவுக்கு வந்து அதைச் சோதிக்க வேண்டும். 2001-ல் மாணவர்களின் உரையாடல்களை இந்தப் படிகளின்படி பிரித்துப் பார்த்தார்கள். தேடும் படியில் 42 சதவீதம். இணைக்கும் படியில் 13. முடிவுக்கு வந்தவை வெறும் 4! சிறிய மாதிரிதான். ஆனால் பின்னால் வந்த பல ஆய்வுகளிலும் பேச்சு தேடலிலேயே தேங்கி நிற்பது தெரிந்தது.

காரணம் எளிது. "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் கருத்துதான் வரும். முடிவு வேண்டுமென்றால் முடிவைக் கேட்க வேண்டும்.

ஒரு வணிகவியல் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "நடைமுறை மூலதனத்தின் முக்கியத்துவத்தை விவாதிக்க" என்றால் ஐந்து பேரும் ஒரே புத்தகத்தைப் பார்த்து எழுதுவார்கள். அதற்குப் பதில் ஒரு மொத்த மளிகை வியாபாரியின் கணக்கைக் கொடுங்கள். ஒருவருக்கு இருப்புநிலைக் குறிப்பு, ஒருவருக்கு வர வேண்டிய பாக்கிப் பட்டியல், ஒருவருக்கு சரக்கு இருப்பு, ஒருவருக்கு வங்கி ஸ்டேட்மென்ட், ஒருவருக்கு சப்ளையர் பாக்கி. "இவருக்கு வங்கி கடன் கொடுக்கலாமா?" என்று கேளுங்கள். இருப்புநிலைக் குறிப்பில் கடை செழிப்பாகத் தெரியும். பாக்கிப் பட்டியல் வைத்திருப்பவர் பாதிப் பணம் ஒரு வருடமாக வரவில்லை என்பார். அங்கேதான் படிப்பு தொடங்குகிறது.

ஆகவே அளவுகோல் இப்படி இருக்கட்டும்:

1. ஒருவர் மட்டும் விடை காண முடியாத கேள்வி.
2. ஐந்தாறு பேர் கொண்ட குழு.
3. குழுவுக்கு ஒரே முடிவு. உடன்படாதவர் தன் காரணத்தையும் சேர்த்து எழுதலாம்.
4. பேச்சு தேங்கும்போது ஆசிரியர் உள்ளே வந்து அடுத்த கேள்வி கேட்பது.
5. பதிவுகளின் எண்ணிக்கைக்கு அல்ல, முடிவுக்கும் அதன் காரணங்களுக்கும் மார்க்.

ஆயிரக்கணக்கில் சேரும் பாடத்தில் இது நடக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான்காவது விதிக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். உழைக்காமல் ஒட்டிக்கொள்பவர்களும் இருப்பார்கள். அதற்காக வாரா வாரம் வேண்டாம். ஒரு பாடத்துக்கு இரண்டு முறை நடந்தாலே போதும். அதுவும் முடியாதென்றால் நான்கு அங்கங்களில் ஒன்றை எடுத்துவிட்டு மூன்று என்று சொல்லிவிடுவது நேர்மை.

நாளை வேலைக்குப் போகும் இடத்தில் யாரும் நான்கில் ஒன்றை டிக் செய்யச் சொல்லப்போவதில்லை. ஐந்து பேர் ஐந்து கணக்கோடு வருவார்கள், சாயங்காலத்துக்குள் ஒரு முடிவு வேண்டும் என்பார்கள். அதற்கு எங்கே பழகுவது?