புல்லட்டுக்கு எத்தனை அங்குலப் பெண்ட் பைப்?

பெண்ட் பைப் பெரிதானால் வண்டி நன்றாக இழுக்கும் என்று ஒரு நம்பிக்கை நம் ஊர்ப் பிள்ளைகளிடம் பரவியிருக்கிறது. தவறு என்பது என் கட்சி. முப்பது வருஷத்துக்கு மேல் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கோபிப்பவர்கள் கோபித்துக் கொள்ளட்டும்.

சிலிண்டர் ஹெட்டிலிருந்து வளைந்து இறங்கி, சைலன்சரில் போய்ச் சேருகிற குழாயைத்தான் பெண்ட் பைப் என்கிறோம். வாசல் அகலமாக இருந்தால் கூட்டம் சீக்கிரம் வெளியேறும் அல்லவா, புகையும் அப்படித்தான் என்பது பிள்ளைகளின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புகை சினிமாக் கொட்டகைக் கூட்டம் மாதிரி வரிசையாக நடந்து போவதில்லை. ஒற்றை சிலிண்டர் வண்டியில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிப்பு. நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடினால் வினாடிக்கு 25 தடவை. புகை விட்டு விட்டுத்தான் வருகிறது.

எக்ஸாஸ்ட் வால்வு திறந்தவுடன் உள்ளே இருக்கும் அழுத்தத்தால் புகையில் ஒரு பங்கு தானே பாய்ந்து வெளியேறும். மிச்சத்தை பிஸ்டன் மேலே வந்து தள்ளும். வேகமாக ஓடுகிற அந்தப் புகைத் தூண் போகிற போக்கில் தனக்குப் பின்னால் ஓர் உறிஞ்சலை உண்டாக்குகிறது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இரண்டு வால்வுகளும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். அந்த நேரத்தில் இந்த உறிஞ்சல் கிடைத்தால் பழைய புகை சுத்தமாக வெளியேறி, புதிய பெட்ரோல் காற்று தாராளமாக உள்ளே வரும். நாலு சிலிண்டர் காரில் ஒன்றின் புகை இன்னொன்றுக்கு உதவும்படி குழாய்களைச் சேர்த்துவிடலாம். நம் புல்லட் தனிக்கட்டை. அதற்கு அதன் குழாய்தான் துணை.

அம்மா விறகடுப்பு ஊதிய ஊதாங்குழலை நினைத்துப் பாருங்கள். சிறிய குழல் என்பதால்தான் மூச்சு ஒரே முனையாகப் போய்த் தணலில் படும். அதே மூச்சை அகலமான மூங்கிலில் ஊதினால் சாம்பல்கூட அசையாது. பெரிய பெண்ட் பைப்பில் புகைக்கு நேர்வதும் இதுதான். வேகம் செத்துப்போகிறது, உறிஞ்சலும் போகிறது.

கொஞ்சம் கணக்கு போடுவோம். ஓய்வு பெற்றவர்களுக்கு நேரத்துக்கா பஞ்சம்? பழைய புல்லட் 350-க்கு போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. உச்ச சக்தி 18 குதிரை, 5625 சுற்றில். ஒரு சுற்றுக்கு பிஸ்டன் ஏறி இறங்குவது 180 மி.மீ. ஆக, உச்ச சக்தியில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு சுமார் 17 மீட்டர். ஒன்றரை அங்குலக் குழாய், 16 கேஜ் தகடு என்றால் உள்விட்டம் ஏறக்குறைய 35 மி.மீ. போர் இதைப் போல் இரண்டு மடங்கு. பரப்பில் நாலு மடங்கு. ஆகவே குழாயில் புகையின் வேகம் நாலு மடங்கு, அதாவது சுமார் 67 மீட்டர். உச்ச சக்தியில் 60 முதல் 75 மீட்டருக்குள் இருந்தால் குழாய் பொருத்தம் என்பது பட்டறைக் கணக்கு. ஜம்மென்று நடுவில் உட்காருகிறது.

இதையே ஒன்றேமுக்கால் அங்குலமாக மாற்றுங்கள். உள்விட்டம் 41 மி.மீ. சொச்சம், வேகம் 49 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. நாம் தினசரி ஓட்டுகிற 3000 சுற்றில் இன்னும் மோசம். சின்னக் குழாயில் 36 இருந்தது 26 ஆகிவிடும். கால் அங்குலம்தானே என்பார்கள். விட்டத்தில்தான் கால் அங்குலம். பரப்பில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் கூடிவிடுகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புல்லட் 500-க்கு போர் 84 மி.மீ. அதற்கு 35 மி.மீ. குழாய் போட்டால் அதே சுற்றில் வேகம் 97 மீட்டருக்குப் போய் மூச்சு முட்டும். 41 மி.மீ. குழாயில் 70. அந்த வண்டிக்கு அந்தப் பைப் சரி. அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிடுவதுதான் நம்மூரில் நடக்கிறது.

'பேக் பிரஷர் வேணும் சார், அதுக்குத்தான் சின்ன பைப்' என்று சொல்கிற மெக்கானிக்குகளும் உண்டு. அவர்கள் முடிவு சரி, காரணம் தப்பு. எதிர் அழுத்தம் எந்த இன்ஜினுக்கும் நல்லது செய்ததில்லை. சின்னக் குழாய் நன்மை செய்வது புகையைத் தடுப்பதால் அல்ல, ஓட வைப்பதால். (ஆர்.எக்ஸ். 100, யெஸ்டி வைத்திருந்த நண்பர்கள் இதை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். டூ ஸ்ட்ரோக் கணக்கே வேறு. மைசூரில் செய்த யெஸ்டி 250-க்கு ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்சர்! அதைப் பற்றி இன்னொரு நாள்.)

இவ்வளவு எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பையன், தங்கமான பிள்ளை, பழைய 350 வைத்திருக்கிறான். ஒரு கடையில் ஒன்றேமுக்கால் பைப்பும் சத்தம் போடுகிற ஷார்ட் பாட்டில் சைலன்சரும் மாட்டிவிட்டார்கள். செலவு நாலாயிரத்துக்கு மேல். மாதம் ஒருமுறை அம்மாவை ஏற்காட்டில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு அழைத்துப் போவான். சேலத்திலிருந்து போனால் இருபது கொண்டை ஊசி வளைவு. அதில் ஒன்றில் திரும்பும்போது வண்டி இழுக்காமல் திணறி நின்று, பின்னால் உருண்டிருக்கிறது. அந்தம்மா காலை ஊன்றப் போய், சூடான சைலன்சரில் கெண்டைக்கால் பட்டு வெந்துவிட்டது. பின்னால் பஸ் வராதது அவர்கள் செய்த புண்ணியம்.

பைப் மட்டுமே காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சைலன்சர் திறந்துவிட்டபடி இருந்தது, கார்புரேட்டர் ஜெட்டை யாரும் தொடவில்லை, ப்ளக் வெள்ளையாக வெளுத்திருந்தது. எல்லாம் சேர்ந்து கீழ்வேகத்தில் இழுவையைத் தின்றுவிட்டன. ஆனால் மலைக்கு, அதுவும் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு ஏறுவதற்கு, கீழ்வேக இழுவைதான் உயிர். நீள ஸ்ட்ரோக் வைத்து இந்த வண்டியை அமைத்ததே அதற்காகத்தான் என்பேன். சமவெளியில் காலியாக ஓட்டிப் பார்த்து 'சூப்பர் பிக்கப் சார்' என்கிற கடைக்காரர், வாடிக்கையாளர் யாரை உட்கார வைத்து எங்கே போவார் என்று கேட்டிருக்க வேண்டாமா? சத்தம் கூடினால் சக்தி கூடியதாகக் காது ஏமாறுகிறது. அந்த ஏமாற்றத்தைத்தான் விற்கிறார்கள்.

சத்தம் என்றதும் நம் வயசுக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் தடதடவென்று ஒன்று போனால் மறுபடி தூக்கம் எங்கே வருகிறது? 2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவில் இரைச்சலுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. லைசன்ஸும் மூன்று மாதம் போகலாம். பேரன்மாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கணக்கைவிட இது சீக்கிரம் புரியும்.

பைப் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வெர்னியரால் உள்விட்டத்தை அளங்கள். வெளிவிட்டத்தைப் பார்த்து வாங்கினால் தகட்டுக் கனத்தில் ஏமாறுவீர்கள். 18 கேஜ் தகட்டில் அதே ஒன்றரை அங்குலக் குழாயின் உள்விட்டம் கிட்டத்தட்ட 36 மி.மீ. ஆகிவிடும், அது பரவாயில்லை, அதற்கு மேல் வேண்டாம். நீளத்தையும் வளைவையும் மாற்றாதீர்கள். குழாயின் விளிம்பு ஹெட் துவாரத்துக்குள் படி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. எங்கள் தெருப் பையன் தன் பழைய பைப்பை இரும்புக் கடையில் போட்டுவிட்டதால் அதற்கு ஈடாக ஒன்று தேட மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம். மாட்டியாயிற்று, ஜெட்டும் பார்த்தாயிற்று. அம்மாவுக்குப் புண் ஆறிவிட்டது, ஆனால் இப்போதெல்லாம் ஏற்காட்டுக்கு பஸ்ஸில்தான் போகிறார்.