ஆய்வாளரிடம் நாமும் கேட்போம்

முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர்கள் வினாக்கொத்துடன் எமது கிராமங்களுக்கு வருகின்றனர். ஒரு சமூகப் பிரச்சினையைத் தாமே தெரிந்தெடுத்து, தாமே தகவல் திரட்டி, ஆய்வேடு எழுதிக் கொடுத்தாற்றான் அவர்களுக்குப் பட்டம். சமூகக் கொள்கை என்ற பாடம், நிவாரணம், வீடு, காணி, ஓய்வூதியம் முதலியவை யாருக்கு, எந்த அடிப்படையில் வழங்கப்படுகின்றன என்பதை ஆராய்வது. எனவே இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களை அவர்கள் தேடி வருவதில் வியப்பில்லை.

“எத்தனை பேர் எழுதிக்கொண்டு போனார்கள், எங்களுக்கு என்ன கிடைத்தது?” என்று எமது மக்கள் சலித்துக்கொள்வது நியாயமே. 1990 இலும், 2004 ஆழிப்பேரலையின் பின்னும், 2006, 2007 ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தபோதும் பதிவுகளுக்குக் குறைவிருக்கவில்லை. ஆயினும் கதவைச் சாத்துவது பரிகாரமாகாது.

நல்ல ஆய்வு சட்டத்துக்கும் வழி திறக்கும். சாள்ஸ் பூத் என்பவர் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் நகரின் வறுமையைத் தெருத்தெருவாக ஆராய்ந்தார்; முதியோருக்கு ஓய்வூதியம் வேண்டும் என வாதாடினார். 1908 இல் பிரித்தானியாவில் அதற்கான சட்டம் வந்தது.

ஆனால் கேள்வி பிழைத்தால் பதிலும் பிழைத்துவிடும். “உங்களுக்குச் சொந்தமான காணி எத்தனை ஏக்கர்?” என்று மட்டும் கேட்டால், போடியாரிடம் குத்தகைக்கு வயல் செய்தவர் “இல்லை” என்றுதான் சொல்வார். அவர் இழந்த விதைநெல்லும் மாடும் ஒரு போகத்தின் உழைப்பும் தாளில் ஏறா. பெண்களின் நிலையும் இதுவே. மட்டக்களப்பு வழக்கப்படி வீடும் வயலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமோ, பின்னுரித்தாளர் பெயரிடப்படாத அனுமதிப்பத்திரக் காணியில் ஆண்களுக்கே முன்னுரிமை கொடுத்தது. 2022 இல்தான் அது திருத்தப்பட்டது. “பத்திரம் யார் பெயரில்?” என்பதோடு நிற்காமல், “இந்த வயல் யாருக்கென்று இருந்தது?” என்றும் கேட்கும் ஆய்வே எமக்குத் தேவை.

தென்னாபிரிக்காவின் சான் பழங்குடியினர், தம்மை ஆராய வருவோருக்கான நெறிமுறைகளை 2017 இல் தாமே வகுத்து வெளியிட்டனர். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை என்பன அவர்கள் கேட்டவை. நாமும் எமது கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கூடி, மூன்று நிபந்தனைகளையாவது தீர்மானிக்கலாம். ஆய்வு எதற்காக, எந்தப் பல்கலைக்கழகத்துக்காக என்று முதலில் விளக்கவேண்டும், விரும்பாதவர் மறுக்கலாம். பெயரும் அடையாளமும் எழுதப்படலாகாது. பெயர்ப்பட்டியலுக்கு அஞ்சி வாழ்ந்த எமக்கு இதன் காரணத்தை விளக்கவேண்டியதில்லை. ஆய்வு முடிந்ததும் அதன் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, சங்கத்திடமும் கமக்காரர் அமைப்பிடமும் ஒப்படைக்கவேண்டும். பிரதேச செயலகத்தில் எமது கோரிக்கையை முன்வைக்கும்போது அது கையிலிருந்து பேசும்.

இன்னொன்றும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபின், அச்சமூகத்தைச் சேர்ந்த பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவாறே, தம் மக்கள் இழந்தவற்றை ஆவணப்படுத்தினார். எமது பிள்ளைகளாலும் இது இயலும். 1990 இல் அகதிகளுக்குப் புகலிடமாயிருந்த வந்தாறுமூலை வளாகத்திலேயே இன்று எமது பிள்ளைகள் படிக்கின்றனர். மேற்படிப்புக்குப் போகும் மகளிடம், “உன் ஆய்வுக்கு எங்கள் வட்டையை எடு” என்று சொல்வோம். வாய்க்காலும் வரம்பும் அறிந்த பிள்ளைக்குக் கேட்கவேண்டிய கேள்வியும் தெரியும்.

அடுத்தமுறை ஒருவர் வினாக்கொத்துடன் வந்தால், பாய் விரித்து இருத்துவோம், உண்மையைச் சொல்வோம். அவர் எழும்புமுன், சுருக்கத்தின் பிரதி எப்போது வரும் என்று கேட்டு, திகதியைச் சங்கக் குறிப்பேட்டில் எழுதிவைப்போம்.