நிலத்தை மட்டஞ்செய்யப் பெட்டி அலகைத் தெரிந்தெடுத்தல்

வயலில் நீர் எங்கும் ஒரே ஆழத்தில் நிற்றல் வேண்டுமென்பதை நம் கமக்காரருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மேட்டில் நெற்சப்பியும் கோரையும் எழும்புகின்றன. பள்ளத்தில் முளை அழுகுகின்றது. இரண்டுக்கும் நடுவேயுள்ள துண்டு மாத்திரம் விளைகின்றது. மேட்டை நனைப்பதற்காக விடும் நீர் பள்ளத்திலே வீணாகின்றது. களைநாசினி தெளித்தபின் நீரைக் கட்டி நிறுத்த முயன்றாலும் மேட்டில் அது நிற்பதில்லை. அங்கு மருந்துக்குச் செலவிட்ட பணமும் போய்விடுகின்றது. கம்போடியாவில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் நடத்திய ஆய்வுகளில், நன்கு மட்டஞ்செய்த வயல்களின் விளைவு சராசரியாக நூற்றுக்கு 24 பங்கு கூடியிருந்தது. விதையையும் பசளையையும் மாற்றாமலே இவ்வளவு கிடைக்குமெனின், மட்டஞ்செய்தலை ஒரு சில்லறை வேலையாகக் கருதுதல் தகாது.

இவ்வேலைக்கென உழவு இயந்திரத்தின் பின்னே பூட்டும் கருவிகள் பல இப்பொழுது விற்பனைக்கு வருகின்றன. வாங்கச் செல்பவரைக் கடைக்காரர் முதலிற் கேட்பது, “எத்தனை அடி வேண்டும்?” என்பதே. வாங்குபவரும் அகலம் கூடியதே நல்லது என எண்ணி, ஆறு அடி, ஏழு அடி எனத் தெரிந்தெடுக்கின்றார். இது பிழையான தொடக்கம் என்பது எனது கருத்து. முதலிற் பார்க்க வேண்டியது பாரம். அடுத்தது வெட்டும் விளிம்பு. அகலத்தை உங்கள் இயந்திரத்தின் சில்லுகளே தீர்மானிக்கும்.

கடைகளிற் “பொக்ஸ் பிளேட்” எனப்படும் பெட்டி அலகு எவ்வாறு அமைந்ததெனக் கூறுவேன். இரு பக்கமும் இரும்புத் தகடு. பின்னால் முதுகுத் தகடு. மேலும் கீழும் திறந்த ஒரு பெட்டி. அடியில் இரண்டு வெட்டும் விளிம்புகள் உண்டு. ஒன்று முன்நோக்கியது, இயந்திரம் முன்னே செல்லும்போது மண்ணைச் சீவும். மற்றையது பின்நோக்கியது, இயந்திரம் பின்வாங்கும்போது மண்ணைத் தள்ளும். பெட்டியின் முன்புறத்தில் இறுகிய மண்ணைக் கிளறுவதற்கு ஐந்து அல்லது ஆறு பற்கள் இருக்கும். அவற்றை ஊசி கழற்றி உயர்த்தவும் தாழ்த்தவும் கூடும். இதனினும் விலை குறைந்தது வெறும் தட்டையான பின் அலகு. அதைச் சரித்துப் பூட்டலாமாகையால் வாய்க்கால் எடுப்பதற்கும் வண்டிப்பாதை சீர்செய்வதற்கும் அது நன்று. ஆனால் பக்கத் தகடு இல்லாமையால், சீவிய மண் பத்து முழம் போவதற்குள் இரு புறமும் வழிந்துவிடும். மேட்டு மண்ணைப் பள்ளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே வயலில் நமக்குள்ள வேலை. சுமந்து செல்ல முடியாத கருவி மலிவாகக் கிடைத்தாலும் அது நமக்கு மலிவன்று.

எவ்வளவு மண் என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் வயலிற் பாதி மேடு, பாதி பள்ளம் என்றும், மேட்டுப் பாதியிற் சராசரி 2 அங்குலம் சீவிப் பள்ளத்திற் போட வேண்டுமென்றும் கொள்வோம். அம்மண் 3,630 கன அடியாகும். நிறை நூறு தொன்னுக்கு மேல். ஐந்தரை அடி அகலமான பெட்டி ஒரு தடவையில் ஏறத்தாழ 10 கன அடி இழுக்கும். ஆகவே முந்நூற்றறுபது தடவைக்கு மேல் போய்வர வேண்டும். ஒரு தடவை போய்வருந் தூரம் 200 அடியெனினும் மொத்தம் 13 மைலுக்கு மேலாகின்றது. அதுவும் தாழ்ந்த கியரில், பாரம் இழுத்துக்கொண்டு. 2022ஆம் ஆண்டில் டீசலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். இரண்டு அங்குலத்துக்கே இவ்வளவென்றால், ஒரு முழ உயர வேறுபாடுள்ள காணியைப் பெட்டி அலகால் மட்டமாக்க முனைதல் வீண் செலவாகும். அத்தகைய காணியை இரண்டாக, மூன்றாக வரம்பிட்டுப் படிப்படியாக அமைப்பதே புத்தி. வரம்புகளை உடைத்துப் பெரிய துண்டாக்க வேண்டுமென்ற ஆசை இக்காலத்திற் பலரைப் பிடித்திருக்கின்றது. துண்டு பெரிதாக ஆக, இழுக்க வேண்டிய மண்ணும் இழுக்குந் தூரமும் சேர்ந்தே பெருகும்.

இனி அகலம். பின்சில்லுகள் இரண்டின் வெளிப்புறத்துக்கு வெளிப்புறம் நாடா பிடித்து அளந்துகொள்ளுங்கள். அலகு அந்த அளவுக்குச் சமமாகவோ, பக்கத்துக்கு ஓரிரு அங்குலம் கூடியதாகவோ இருத்தல் வேண்டும். குறைந்தால் சில்லுத் தடம் அழியாது நிற்கும். மிகவும் கூடினால் இயந்திரம் இழுக்க மாட்டாது. சில்லு சுழன்று குழி பறிக்கும். நம் பகுதிகளிற் பெரும்பாலும் ஓடும் 45 குதிரைவலு அளவிலான மாசி பேர்குசன் போன்ற இயந்திரங்களுக்கு ஐந்தரை அடி பொருந்தும்; சில்லுகளை அகலப்படுத்தி வைத்திருப்பவருக்கு ஆறு அடி ஆகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

பாரமே இக்கருவியின் உயிர். கலப்பையின் கொழு தன் சாய்வினால் மண்ணுக்குள் இறங்கும். அலகின் விளிம்போ பெரும்பாலும் தன் பாரத்தினாலேயே இறங்க வேண்டும். வன்னியின் செங்கபில மண் காய்ந்தவுடன் கல்லாக இறுகிவிடும் இயல்புடையது. பாரமற்ற அலகு அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஓரடி அகலத்துக்கு 45 கிலோவாவது இருத்தல் வேண்டுமென்பது எனது கணக்கு. அதாவது ஐந்தரை அடிக்கு 250 கிலோ அளவு. பட்டறைகளில் மெல்லிய தகட்டால் ஒட்டித் தரும் பெட்டிகள் இதில் அரைவாசியும் இரா. பாரம் போதாதபோது ஒரு பையனை மேலே ஏற்றி நிறுத்தும் வழக்கம் நம்மவரிடையே இருக்கின்றது. பலகையடிக்கும் காலத்திலிருந்து வந்த இவ்வழக்கத்தை நான் முற்றாக வெறுக்கின்றேன். பல் ஒரு வேரில் மாட்டினால் இயந்திரம் வெட்டென நிற்கும். மேலே நிற்பவன் முன்னே சில்லுக்கடியில் விழுவான். பாரம் தேவையெனின் மணல் மூட்டையை வைத்துக் கயிற்றாற் கட்டுங்கள். அதனினும் நன்று, பாரமான பெட்டியையே வாங்குதல். அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை யான் செலவென்று எண்ணேன்.

வெட்டும் விளிம்பு மரையாணியாற் பூட்டப்பட்டதா, பெட்டியோடு ஒட்டப்பட்டதா என்று குனிந்து பாருங்கள். பூட்டியதாயின் தேய்ந்தபோது புரட்டிப் போடலாம், பின்னர் புதிது மாற்றலாம். ஒட்டியதாயின் அது தேய்ந்த நாளிற் பெட்டி முழுவதும் பழைய இரும்பே. விளிம்பு வன்மையான உருக்காக இருத்தல் வேண்டும். வெறுந் தகட்டுத் துண்டு ஒரு போகத்துக்கும் நில்லாது. பக்கத் தகடு காலங்குலத் தடிப்புக்குக் குறையலாகாது. பல் கழன்று கைக்கு வருகின்றதா, அதன் நுனியைத் தனியே மாற்றலாமா என்பதையும் கேட்டறிக. பூட்டும் ஊசியையும் அளந்து பார்த்தல் வேண்டும். முதலாம் வகை இணைப்பின் கீழ் ஊசி 7/8 அங்குலம். இரண்டாம் வகையினது 1 1/8 அங்குலம். பெரிய துளையிற் சிறிய ஊசியை இட்டு ஓட்டினால் அலகு ஆடும். ஆடும் அலகால் மட்டஞ்செய்வது எங்ஙனம்?

நல்ல அலகைப் பூட்டியும் வயல் அலையலையாகிப் போயிற்றென முறையிடுவோர் உளர். இதற்குக் காரணம் உண்டு. முன்சில்லு ஒரு மேட்டில் ஏறும்போது இயந்திரத்தின் பின்புறம் தாழ்கின்றது; அலகு ஆழமாகத் தோண்டுகின்றது. முன்சில்லு பள்ளத்தில் இறங்கும்போது அலகு எழுகின்றது. இவ்வாறு ஒரு மேடு இரண்டு மேடாகின்றது. சாரதி பதறித் தூக்கியை ஏற்றி இறக்க, அது நான்காகின்றது. இதைத் தடுப்பதற்குத் தூக்கியின் நிலைக் கட்டுப்பாட்டு நெம்பை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, மேலிணைப்புத் தண்டைக் கொண்டே வேலையை ஒழுங்கு செய்ய வேண்டும். அத்தண்டைக் குறுக்கினால் பெட்டியின் முன் விளிம்பும் பற்களும் தாழ்ந்து மண்ணை வெட்டும். நீட்டினால் பின் விளிம்பு நிலத்திற் படிந்து மண்ணைப் பரவி மினுக்கும். முதல் ஓட்டங்களுக்குக் குறுக்கி, கடைசி ஓட்டங்களுக்குச் சுற்றுச் சுற்றாக நீட்டி வாருங்கள். நீளவாட்டில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை, பின் மூலைக்கு மூலை ஒரு முறை. பற்கள் நிலத்தில் இருக்க இயந்திரத்தைத் திருப்பலாகாது.

நெல்வயலிற் பற்களை மூன்று அங்குலத்துக்குக் கீழே விடாதீர்கள். உழவாழத்துக்குக் கீழே ஆண்டாண்டாக மிதித்து இறுகிய தட்டு ஒன்று உண்டு. நீரைத் தாங்கி நிற்பது அதுவே. அதைக் கிழித்தவன் குளத்து நீர் முழுவதையும் விட்டாலும் வயல் நிறையாது. மேட்டில் நான்கு அங்குலத்துக்கு மேல் சீவ நேரின், முதலில் மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி, அடிமண்ணைப் பள்ளத்திலிட்டு, மேல்மண்ணை மீண்டும் பரப்ப வேண்டும். இது இரட்டை வேலைதான். ஆனால் அடிமண் வெளிப்பட்ட இடத்திற் பயிர் மஞ்சளாகி நிற்பதை அடுத்த போகத்திலே கண்டு வருந்துவதினும் இது மேல். அவ்விடங்களுக்குக் கூட்டெருவைத் தாராளமாக இடுக.

எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பதைக் கண்ணால் மதிப்பிடுதல் பலரும் செய்வது. கண் ஏமாற்றும், அதிலும் சாய்ந்த காணியில் நிச்சயமாக ஏமாற்றும். தெளிவான நெகிழிக் குழாய் ஒன்றில் நீர் நிரப்பி, இரு முனையையும் அளவுகோலிற் கட்டினால் நீர்மட்டம் ஆயிற்று. விவசாயப் பாடசாலையிற் படித்த எவரும் இதைச் செய்து காட்டுவர். முப்பது அடிக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொன்றிலும் உயரத்தைக் குறித்து, சராசரியைக் கண்டபின்னரே இயந்திரத்தை வயலில் இறக்குங்கள். இரண்டு பேர் ஒரு காலைப்பொழுதிற் செய்யக்கூடிய இவ்வேலையை விட்டுவிட்டு நாள் முழுதும் இயந்திரம் ஓட்டுவோரை நான் நன்கறிவேன்.

காலமும் ஈரமும் பொருந்த வேண்டும். சிறுபோகம் செய்யாது விடும் காணிகளுக்குச் சித்திரை மழைக்குப் பின்வரும் நாட்களே உத்தமம். ஒரு பிடி மண்ணை அமுக்கினால் உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் உதிரும் பதத்தில் வேலையைத் தொடங்குக. அப்பொழுது செய்தால், நிரப்பிய மண் பெரும்போகத்துக்கு முன் அமர்வதற்கும் காலம் இருக்கும். நிரப்பும் இடத்தை எப்பொழுதும் சற்று உயர்த்தியே விடுதல் வேண்டும். புழுதி விதைப்புச் செய்வோருக்கு இவ்வேலை மிக முக்கியம். ஏனெனில், சேற்றிற் பலகையடித்துக் குறை தீர்க்கும் சந்தர்ப்பம் அவர்களுக்கு இல்லை. சேற்று விதைப்புக்காரர் பெட்டி அலகைச் சேற்றில் இறக்கலாகாது. அங்கே பழைய பலகையை வெல்ல ஒன்றுமில்லை.

மரக்கறித் தோட்டத்துக்குரிய நியாயம் வேறு. அங்கே தரை முற்றும் மட்டமாயிருத்தல் கூடாது. மாரியில் நீர் தேங்கி வெங்காயமும் மிளகாயும் அழுகும். கிணற்றிலிருந்து வாய்க்கால் ஓடும் திசையில் நூறு அடிக்கு நான்கைந்து அங்குலச் சாய்வு இருக்க விடுக. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிற் பல இடங்களில் சுண்ணக்கல் மிக அண்மையில் இருப்பதால், பற்களைக் கழற்றி வைத்துவிட்டு விளிம்பினால் மாத்திரம் மெல்லச் சீவுதல் நன்று.

இரு சக்கர உழவு இயந்திரம் வைத்திருப்போர் இக்கருவியை நாட வேண்டாம். அவ்வியந்திரத்துக்கு அது தாங்காது. நான்கு சக்கர இயந்திரம் உள்ளவரும் ஆளுக்கொன்று வாங்க வேண்டுமென நான் சொல்லேன். ஆண்டில் ஒரு கிழமை வேலை செய்து, மீதி நாட்களில் மழையிற் கிடந்து துருப்பிடிக்கும் பொருளுக்கு ஒருவர் தனியே பணம் போடுவானேன்? ஒரு வயல்வெளியின் கமக்காரர் அமைப்புக்கு ஒரு பாரமான பெட்டியும், நீர்மட்டக் குழாயும், அலகோட்டிப் பழகிய ஒரு சாரதியும் போதும். லேசர் ஒளிகொண்டு தானாகவே அலகை ஏற்றியிறக்கும் மட்டஞ்செய் கருவி இவற்றினும் திறமானது என்பதில் ஐயமில்லை. அது வாடகைக்குக் கிடைக்கும் இடத்தில் பெரிய துண்டுகளுக்கு முதல் முறை அதையே அமர்த்துங்கள். அதன்பின் ஆண்டுதோறும் ஏற்படும் சிறு மேடு பள்ளங்களுக்குப் பெட்டி அலகு போதுமானது.

மட்டஞ்செய்த பின்வரும் முதற் போகத்தில், நீர் கட்டிய மறுநாள் வரம்பைச் சுற்றி வாருங்கள். நீருக்கு மேலே தெரியும் திட்டுக்களிலும், ஒரு சாணுக்கு மேல் ஆழ்ந்த இடங்களிலும் தடி நட்டு, ஒரு கொப்பியிற் படம் கீறி வையுங்கள். அடுத்த சித்திரையில் அவ்விடங்களை மாத்திரம் சீவினாற் போதும்.