நிலம் ஒருவருக்கு, மரம் மற்றொருவருக்கு: தில்லி ரிட்ஜும் ‘காடு’ என்ற சொல்லும்

தில்லியில் தேசியப் பூங்கா என்று ஒன்றும் இல்லை. அசோலா பாட்டி வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. அதைத் தன் தென்கோடியில் தாங்கி நிற்கும் ரிட்ஜ் இருக்கிறது. ஆரவல்லி மலைத்தொடர் வடக்கே தேய்ந்து முடியும் இடம் அது. ஏறத்தாழ 7,777 எக்டேர் பரப்புள்ள இந்தப் பாறைமுதுகின் வடபகுதி தில்லிப் பல்கலைக்கழகத்தை உரசிக்கொண்டு கிடக்கிறது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமோ அதன் தெற்கு மத்தியப் பகுதிப் பாறைகளின் மேலேயே எழுப்பப்பட்டது. இந்நகரின் ஆய்வாளர்களும் மாணவர்களும் நாள்தோறும் அதன் ஓரமாக நடக்கின்றனர். ஆயினும் அது சட்டத்தின் பார்வையில் என்ன என்று கேட்டால், நிலத்தை வைத்திருக்கும் அலுவலகம் ஒரு விடையும் மரத்தைக் காக்கும் அலுவலகம் வேறொரு விடையும் சொல்லும்.

2024 பிப்ரவரியில் தெற்கு ரிட்ஜில், சத்தர்பூரை அடுத்த மைதான் கடி பகுதியில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டன. மத்திய ஆயுதக் காவற்படையினருக்கான மருத்துவ நிறுவனத்துக்குச் செல்லும் சாலையை அகலப்படுத்துவது நோக்கம். வெட்டியது தில்லி வளர்ச்சி ஆணையம். உச்ச நீதிமன்றத்தின் முன்அனுமதி பெறப்படவில்லை. செய்தி வெளிவந்ததும் அரசியல் தன் வழக்கமான பாதையில் ஓடியது. துணைநிலை ஆளுநரின் ஆணையால்தான் மரங்கள் விழுந்தன என்று ஆம் ஆத்மி அமைச்சர்கள் குற்றஞ்சாட்டினர். ஆணையத்தின் தலைவர் என்ற முறையில் அவரோ, நீதிமன்ற அனுமதி தேவை என்பது தமக்குத் தெரிவிக்கப்படவில்லை எனப் பிரமாணப் பத்திரம் அளித்தார். அதே மாதத்தில், அதே சாலைக்காக, 422 மரங்களை வெட்டுவதற்குத் தில்லி அரசு சட்டவிலக்கு அளித்திருந்ததும் விசாரணையில் வெளிப்பட்டது. ஆக, காட்டைக் காக்கப் பிறந்த கட்சி ஒன்று, அழிக்கப் பிறந்த கட்சி ஒன்று என்று இக்கதையைச் சொல்லிவிட முடியாது. 2025 மே மாதத் தீர்ப்பில் நீதிமன்ற அவமதிப்பு நிறுவப்பட்டது. அதிகாரிகளுக்குத் தலா 25,000 ரூபாய் அபராதம், 185 ஏக்கரில் காடு வளர்ப்பு, சாலையால் பயன்பெற்ற வசதி படைத்தோரிடம் ஒருமுறைக் கட்டணம் என்று ஆணைகள் வந்தன.

இந்த மோதலை ஆளுமைகளின் மோதலாகப் பார்ப்பது எளிது. அதன் வேர் அரசமைப்பில் இருக்கிறது. 239ஏஏ பிரிவின்படி காவல், பொது ஒழுங்கு, நிலம் ஆகிய மூன்றும் தில்லிச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு வெளியே நிற்கின்றன. வனத்துறை தேர்ந்தெடுக்கப்பட்ட அரசிடம் இருக்கிறது. நிலத்தைப் பெருமளவு கையில் வைத்திருக்கும் தில்லி வளர்ச்சி ஆணையம் ஒன்றிய நகர்ப்புற அமைச்சகத்தின் கீழ், துணைநிலை ஆளுநரின் தலைமையில் இயங்குகிறது. மண் ஒருவருடையது, அதில் வேர்விட்டிருக்கும் மரம் மற்றொருவருடையது. இப்படியொரு பிரிவினையை இயற்கை எங்கும் செய்ததில்லை, நிர்வாகம் செய்திருக்கிறது. விளைவு, வெட்டும்போது இருவருக்கும் உரிமை உண்டு, பதில் சொல்லும்போது இருவருக்கும் பொறுப்பில்லை.

இதனினும் ஆழமான சிக்கல் ஓர் அறிவிக்கையில் இருக்கிறது. 1994 மே 24 அன்று இந்திய வனச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்கீழ் ரிட்ஜ் அறிவிக்கை செய்யப்பட்டது. அச்சட்டத்தின் 4ஆம் பிரிவும் 20ஆம் பிரிவும் மொழியியல் மாணவர்கள் பாடமாகவே படிக்கத் தக்கவை. 4ஆம் பிரிவு, ஒரு நிலத்தைக் காப்புக்காடாக்கத் தீர்மானித்திருப்பதாக அரசு தெரிவிப்பது. 20ஆம் பிரிவுதான் அதைக் காப்புக்காடாக ஆக்குவது. முன்னது ஒரு நோக்கத்தைச் சொல்லும் கூற்று. பின்னது சொல்வதாலேயே செயலாகிவிடும் கூற்று. ஜே. எல். ஆஸ்டின் விவரித்த சொற்செயலுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வகுப்பறையில் கிடைப்பதரிது. திருமணம் செய்துகொள்ளப்போவதாக ஒருவர் முப்பது ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தால் அவருக்குத் திருமணம் ஆகிவிட்டதாக எவரும் கருதமாட்டார்; தில்லி ரிட்ஜின் நிலை அதுதான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2021 சனவரியில் கெடு விதித்தும் பணி முடியவில்லை. தெற்கு ரிட்ஜின் ஏறத்தாழ 4,080 எக்டேரை இறுதியாக அறிவிக்கும் நடவடிக்கை 2025இல்தான் எடுக்கப்பட்டது. எஞ்சிய பரப்பு இன்னும் நோக்கத்தின் நிழலில் காத்திருக்கிறது.

இவ்வளவு காலம் ரிட்ஜை ஓரளவேனும் காத்தது அறிவிக்கையன்று, அகராதி. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ‘காடு’ என்பதை அதன் அகராதிப் பொருளிலேயே கொள்ளவேண்டும், நிலம் யாருக்குச் சொந்தம் என்பது பொருட்டன்று என்று ஆணையிட்டது. தமிழ் வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி, அவ்வழக்கு பிறந்த இடம் நீலகிரியின் கூடலூர். நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகளில் நிகழ்ந்த மரவெட்டைக் கண்டு 1995இல் நீதிமன்றம் சென்றார். ஒரு தமிழ்நாட்டு வட்டத்துக்காகத் தொடங்கிய மனு நாடு முழுவதற்குமான வனச் சட்டமாக விரிந்தது.

எந்த அகராதி என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அது குறையன்று. அகராதி ஒரு சொல் வழங்கும் வகைகளைப் பதிவுசெய்கிறது; இத்தனை எக்டேர், இத்தனை விழுக்காடு நிழல் என்று அளவுகோல் வைப்பதில்லை. அந்த நெகிழ்ச்சியே காட்டுக்குக் கவசமாயிற்று. ஆகவேதான் பின்வந்த அரசியல் முயற்சிகள் அனைத்தும் அந்தச் சொல்லின் மீதே குவிந்தன. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், முறையாக அறிவிக்கப்பட்ட காடுகளுக்கும் அரசுப் பதிவேடுகளில் காடென 1980 அக்டோபர் 25 முதல் பதிவானவற்றுக்கும் பாதுகாப்பைச் சுருக்க முயன்றது. சட்டத்தின் ஆங்கிலப் பெயரையும் நீக்கி இந்திப் பெயர் சூட்டியது. பெயர் மாற்றத்தைப் பற்றித் தென்னகத்தில் எழுந்த சினத்தில் பாதியளவேனும் பொருள் மாற்றத்தைப் பற்றி எழுந்திருக்கலாம். 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம், 1996ஆம் ஆண்டின் பொருளையே பின்பற்றுமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது.

அதன் பின்னர் 2025 ஆகஸ்டில் அரியானா அரசு ‘அகராதிப் பொருளை’ வரையறுத்தது: தனித்திருந்தால் குறைந்தது 5 எக்டேர், அறிவிக்கப்பட்ட காட்டை ஒட்டியிருந்தால் 2 எக்டேர், விதான அடர்த்தி 40 விழுக்காடு. மழை குறைந்த ஆரவல்லியின் முட்புதர்க் காடுகளில் பெரும்பாலானவை இந்த வாசலைத் தாண்டமாட்டா. இதற்கு அருகில் இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கை வைத்துப் பார்க்க வேண்டும். நாட்டின் வனப்பரப்பை அறிவிக்கும்போது 1 எக்டேர் பரப்பும் 10 விழுக்காடு விதானமும் போதும். தோப்பும் தோட்டமும்கூட அதில் சேரும். கணக்குக் காட்டும்போது காடு என்ற சொல் அகலும், காக்கவேண்டி வரும்போது சுருங்கும். இரு அளவுகளையும் இரு வேறு அரசுகள் வகுத்தன என்ற சமாதானம் செல்லாது. ஒரே மலைத்தொடரின் மீதுதான் இரண்டும் விழுகின்றன.

ஆரவல்லி மலையும் அவ்வாறே அளக்கப்பட்டது. சுற்றுநிலத்தைவிட 100 மீட்டர் உயர்ந்தால் மட்டுமே அது ஆரவல்லிக் குன்று என்ற வரையறையை உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 20 அன்று ஏற்றது. எதிர்ப்பு வலுத்தபின் டிசம்பர் 29 அன்று தானே நிறுத்திவைத்தது. தில்லி ரிட்ஜின் பெரும்பகுதி அவ்வளவு உயரமுடையதன்று. அது முதுகு, சிகரமன்று. வருவாய்ப் பதிவேடுகளில் இத்தகைய நிலத்துக்குக் ‘கைர் மும்கின் பஹாட்’ என்று பெயர்: சாகுபடிக்கு இயலாத மலை. தமிழ்நாட்டின் ‘தரிசு’, ‘புறம்போக்கு’ ஆகியவற்றுக்கு இது உடன்பிறப்பு. வரி தராத நிலம் எதிர்மறைச் சொல்லால் மட்டுமே அறியப்படுகிறது. அதில் என்ன இருக்கிறது என்பதைக் கூற அந்தப் பதிவேட்டில் சொல் இல்லை.

தமிழில் சொல் இருக்கிறது. கொங்கு வட்டாரத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். சுடுகாடு, இடுகாடு என்ற தொகைகளில் அது ஊருக்கு வெளியிலுள்ள வெளி. முல்லைத் திணையை ‘காடும் காடு சார்ந்த இடமும்’ என்று பள்ளிப்பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். அந்த முல்லை மேய்ச்சலும் வரகும் மானும் நிறைந்த திறந்த நிலம். நாற்பது விழுக்காடு நிழல் கேட்டால் முல்லையே காடாகாது போய்விடும்.

ரிட்ஜின் மதிப்பைக் குறைப்போர் ஒரு வாதத்தை வைக்கின்றனர்: அங்கிருப்பது இயற்கைக் காடே அன்று, ஆங்கிலேயர் கொண்டுவந்த ‘விலாயதி கீக்கர்’ மண்டிய புதர். தமிழ்நாட்டின் சீமைக் கருவேலமும் இதுவும் ஒரே மரம். வடக்கில் ‘விலாயதி’, தெற்கில் ‘சீமை’. இரண்டும் கடல்கடந்த நாட்டைச் சுட்டும் சொற்கள். மரம் அயலானது என்பதை இரு மொழிகளும் தனித்தனியே கண்டுகொண்டன என்பது மகிழ்ச்சிக்குரியதே. வாதத்தில் உண்மையும் இருக்கிறது. ஆனால், அதிலிருந்து பெறப்படும் முடிவு பிழை. யமுனைக் கரையிலும் வசந்த் விகாரையொட்டிய பழைய சுரங்க நிலத்திலும் தில்லிப் பல்கலைக்கழகச் சூழலியலாளர்கள் உருவாக்கிய பல்லுயிர்ப் பூங்காக்கள், சீரழிந்த நிலம் மீளும் என்பதைக் காட்டியிருக்கின்றன. அரியானாப் பக்கமுள்ள மாங்கர் பனியில் ஊரார் தெய்வத்தின் பெயரால் காத்த ‘தௌ’ மரக்காடு இன்னும் நிற்கிறது. அசோலாவில் சிறுத்தைகள் பதிவாகியுள்ளன. நோயுற்றவரை மருத்துவமனைக்கு அனுப்புவார்களேயன்றி அவர் வீட்டை ஏலம் விடமாட்டார்கள்.

மருத்துவத்துக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியில்தான் கட்சிகள் அனைத்தும் மௌனமாகின்றன. புலிக்குத் திட்டம் உண்டு. 1973இல் ஒன்பது காப்பகங்களுடன் தொடங்கிய அதில் செலவை ஒன்றியமும் மாநிலமும் பகிர்கின்றன. புலியில்லாத முட்காட்டுக்கு வாய்த்தது பெரும்பாலும் காம்பா நிதியே. காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவோர் செலுத்தும் இழப்பீட்டில் பிறக்கும் பணம் அது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழுங்குபடுத்தியது. 2019 ஆகஸ்டில் மட்டும் 47,000 கோடி ரூபாய்க்கு மேல் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டது. காடு எவ்வளவு அழிகிறதோ அவ்வளவு நிரம்பும் உண்டியல் இது. இதை நம்பி இயங்கும் வனத்துறையிடம், நிலமாற்றத்துக்கு உறுதியாக மறுப்புச் சொல் என்று எதிர்பார்ப்பது கடினம். செலவும் ஒழுங்காக இல்லை. நடவுக்காகப் பெறவேண்டிய வனமல்லாத நிலத்தில் ஏறத்தாழ 27 விழுக்காடு மட்டுமே பெறப்பட்டதாக 2013இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை கூறியது. உத்தராகண்டில் இந்நிதியில் ஐபோன்கள் வாங்கப்பட்டதைப் பிந்தைய அறிக்கையொன்று 2025இல் வெளிக்கொணர்ந்தது.

காவற்படையினருக்கு மருத்துவமனை வேண்டாமா என்ற எதிர்க்கேள்வி நேர்மையானது. அதை ஏளனம் செய்யத் தேவையில்லை. வேண்டும். ஆனால், அனுமதி கேட்டிருந்தால் சாலையின் போக்கை மாற்றுவதா, எத்தனை மரம் என்பதெல்லாம் வெட்டுவதற்கு முன்பே ஆராயப்பட்டிருக்கும். இன்னொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது. பாட்டிச் சுரங்கங்களில் கல்லும் மணலும் தோண்டிய ஓட் சமூகத்தாரின் குடியிருப்புகள், சுரங்கம் மூடிச் சரணாலயம் ஆனபின் ஆக்கிரமிப்பு என்ற பெயரைப் பெற்றன; வெளியேற்றத்தின் அச்சம் பல பத்தாண்டுகளாக அவர்களைத் தொடர்கிறது. அதே ரிட்ஜில் உயர்ந்த மதில்களுக்குள் நிற்கும் பண்ணை வீடுகளை அந்தச் சொல் எளிதில் அண்டுவதில்லை. காட்டுப் பாதுகாப்பு எளியோர்மீது மட்டும் இறங்கும் கோலாக இருக்குமாயின் அதற்கு மக்களின் ஆதரவு கிட்டாது, கிட்டவும் கூடாது.

2025 பிப்ரவரித் தேர்தலுக்குப் பின் தில்லி அரசும் ஒன்றிய அரசும் ஒரே கட்சியின் கையில் உள்ளன. நிலத்துக்குரியவரும் மரத்துக்குரியவரும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோடும் வசதி இப்போது இல்லை. அதே ஆண்டு நவம்பரில் ரிட்ஜ் மேலாண்மை வாரியத்துக்குச் சட்டப்பூர்வ நிலை அளிக்கவும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இனிச் செய்யவேண்டியவை புதியனவல்ல. எஞ்சிய பரப்புக்கு 20ஆம் பிரிவின் அறிவிக்கை வரவேண்டும். அதற்கு முன் பாட்டிக் குடியிருப்பினரின் உரிமைகளும் பண்ணை வீட்டாரின் கோரிக்கைகளும் ஒரே அளவையால் தீர்க்கப்பட வேண்டும். ரிட்ஜின் பராமரிப்புக்கு இழப்பீட்டு உண்டியலைச் சாராத, ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வரும் தனிநிதி வேண்டும். வாரியத்தின் கூட்டக் குறிப்புகளும் ஒவ்வொரு நிலமாற்றக் கோரிக்கையும் முடிவெடுப்பதற்கு முன்னரே, இந்தியிலும் ஆங்கிலத்திலும், ரிட்ஜை ஒட்டிய ஊர்களின் சாவடிகளிலும் பல்கலைக்கழக அறிவிப்புப் பலகைகளிலும் ஒட்டப்பட வேண்டும். மைதான் கடியில் மரங்கள் விழுந்த பின்னர்தான் நகரம் அதைக் கேள்விப்பட்டது.