லெவல் எத்தனை என்று கேட்காதீர்கள்



பிள்ளையை செஸ் வகுப்பில் சேர்க்கலாமா என்று இந்த மாதம் மட்டும் நான்கு பேர் போன் செய்துவிட்டீர்கள். 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதிலிருந்தே இந்தக் கேள்வி அதிகம். தாராளமாகச் சேருங்கள். ஆனால் நான்கு பேருமே, "அங்கே நிறைய லெவல் இருக்காம் சார்" என்றீர்களே, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

செஸ்ஸில் லெவலைக் காட்டி விற்பது பழைய வியாபாரம். 1977-ல் அமெரிக்காவின் ஃபிடலிட்டி கம்பெனி, வீட்டில் வைத்து ஆடும் 'செஸ் சேலஞ்சர்' என்ற கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் மாடலில் ஒரே லெவல். பலகையில் எழுத்து வர வேண்டிய பக்கம் எண், எண் வர வேண்டிய பக்கம் எழுத்து! (பரீட்சைத் தாளாக இருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.) அடுத்து மூன்று லெவல், பெயர் 'செஸ் சேலஞ்சர் 3'. பிறகு பத்து லெவல், பெயர் '10'. லெவல் எண்ணிக்கையே பெயராகிவிட்டது. ஆனால் 10-க்குப் பிறகு, 1979-ல் வந்தது '7'! எண் கூடினால் மெஷின் உசத்தி என்று நினைத்தவர்கள் என்ன செய்திருப்பார்களோ.

அந்த லெவல் என்பது பெரும்பாலும் யோசிக்கும் நேரம்தான். மெஷினுக்குள் இருக்கும் மூளை ஒன்றே. சில விநாடி கொடுத்தால் கொஞ்சம் தேடும், சில நிமிடம் கொடுத்தால் இன்னும் சற்று ஆழமாகத் தேடும். பின்னால் காஸ்பரோவ் பெயரையே போட்டு மெஷின்கள் வந்தன. பெட்டியில் அவர் பெயர் இருந்ததே தவிர, உள்ளே அவர் இல்லை. இன்று குற்றாலம் போகும் ரோட்டில் பேனர்களில் குகேஷ் சிரிக்கிறார். அந்த வகுப்புக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா?

அந்த மெஷின்கள் விற்ற அதே காலத்தில்தான் நம் ஆனந்த் சிறுவன். ஆறு வயதில் அம்மா சுசீலா கற்றுக்கொடுத்தார். மணிலாவில் இருந்தபோது டிவியில் வரும் செஸ் புதிர்களை மகன் பள்ளிக்கூடம் போன நேரத்தில் அவர் எழுதி வைப்பாராம், மாலையில் இருவரும் உட்கார்ந்து விடை காண்பார்களாம். சென்னையில் தால் செஸ் கிளப்பில் வேக ஆட்டம். ஜெயித்தவர் பலகையிலேயே இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசைக் கடைசிக்குப் போக வேண்டும். அங்கே யார் லெவல் பார்த்தார்கள்?

போன வாரம் நம் பழைய மாணவர் ஒருவரின் மகளைப் பார்த்தேன். மூன்று லெவல் முடித்துச் சான்றிதழ் வாங்கியவள். "நீ தோற்ற ஆட்டம் ஒண்ணு சொல்லு பாப்பா" என்றேன். "ஆடவே விடலை தாத்தா, ஒர்க் ஷீட்தான்" என்றாள். அவள் அப்பா தையல் மிஷின் மிதித்துக் கட்டிய ஃபீஸ் அது. எனக்கு வயிறு எரிந்தது.

ஆகவே சேர்க்கும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை முழு ஆட்டம் ஆட விடுவீர்கள்? தோற்ற ஆட்டத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பது யார்? பதில் மழுப்பலாக வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அதுவரை ஞாயிறு காலையில் பிள்ளைகளை என் வீட்டுக்கு அனுப்புங்கள். இரண்டு பலகை இருக்கிறது, ஒன்றில் ஒரு குதிரை மட்டும் காணோம், அதற்குப் புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். ஃபீஸ் கிடையாது. பெரியவர்களும் வரலாம்.