கை தவறிய பட்சணம்

எலுமிச்சை என்றவுடன் நமக்கு ஊறுகாய் ஞாபகம் வருகிறது. பிரான்ஸ் தேசத்தாரோ அதைக் கொண்டு பட்சணம் செய்கிறார்கள். 'தார்த் ஓ சித்ரோன்' என்று அவர்கள் வழங்கும் எலுமிச்சைத் தார்ட்டைப் பற்றியே இவ்வாரம் பேசப் புகுந்தோம். முட்டை தொடாத நேயர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், படிப்பதில் தோஷமில்லை.

மாவையும் வெண்ணெயையும் பிசைந்து, ஆழமில்லாத தட்டில் பரப்பி, முதலில் வெறுமையாகவே சுடுகிறார்கள். பிறகு முட்டை, சர்க்கரை, வெண்ணெய் அல்லது பாலேடு, எலுமிச்சைச் சாறு இவை கலந்த பூரணத்தை ஊற்றி, இளஞ்சூட்டில் இறுக விடுகிறார்கள். பழம் நம் ஊறுகாய்ப் பழமன்று; அதனினும் பெரிதாய், முனை கூம்பிய மஞ்சள் பழம். வாசனை சாற்றைவிடத் தோலிலேயே மிகுதி. ஆனால் மஞ்சள் தோலை மட்டுமே துருவ வேண்டும். அடியிலுள்ள வெண்மை சேர்ந்தால் கசக்கும். பூரணம் சுமார் 70 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தை எட்டியதும் எடுத்துவிட வேண்டும். வெகுவாக மிஞ்சினால் முட்டை திரிந்துபோகும். அலங்காரம் ஏதுமில்லாத பண்டமாதலால் பிழையை மறைக்க இடமில்லை.

இத்தாலியில், மோதெனா நகரில், மாஸிமோ பொத்தூரா என்பவர் 1995-ல் ஒஸ்தேரியா பிரான்செஸ்கானா என்னும் போஜனசாலையைத் திறந்தார். அங்கே ஓரிரவு இரண்டே தார்ட்டுகள் எஞ்சியிருந்தன. தகாஹிகோ கொண்டோ என்னும் ஜப்பானியச் சமையற்காரரின் கையிலிருந்து ஒன்று நழுவி நொறுங்கிற்று. அவர் பதறிப்போனார். யஜமானர் சினந்திருந்தால் யார் குறை கூறுவர்? பொத்தூராவோ சிதறிக் கிடந்ததை உற்று நோக்கி, அதிலே ஓர் அழகைக் கண்டார். மற்றதையும் அவ்வாறே உடைத்துப் பரிமாறச் செய்தார். 'அடடா! எலுமிச்சைத் தார்ட்டைக் கீழே போட்டுவிட்டேன்' என்பதே அப்பண்டத்தின் பெயராயிற்று. உலகின் சிறந்த போஜனசாலைகளைத் தேர்ந்தெடுக்கும் ஜாபிதா ஒன்றில் அவ்விடம் 2016-லும் 2018-லும் முதலாவதாக நின்றது.

உடைந்ததெல்லாம் அழகு என்று நாம் சொல்ல வரவில்லை. தினந்தோறும் உடைப்பவனை எவரும் மெச்சார். பலநாள் உடையாமல் செய்து பழகிய கை ஒருநாள் தவறினால் என்ன செய்வது என்பதே கேள்வி. நம் வீடுகளில் சமையலறையிலிருந்து 'படா'ரென்ற சத்தம் எழுந்தால், "என்ன உடைந்தது?" என்றே முதலில் கேட்கிறோம். "கையில் பட்டதா?" என்பது பிற்பாடுதான் வருகிறது, சில சமயம் வருவதேயில்லை.

கேள்விகளின் வரிசையை மாற்றினாலே போதும். பண்டம் போனாலும் ஆளுக்கு மனம் உடையாமல் இருக்கும்.