ஏஜென்சிக்காரரும் சிங்கமும்

எங்கடை சனத்துக்கு 'ஏஜென்சி' எண்டால் ஒரே அர்த்தம்தான். காசையும் பாஸ்போட்டையும் வாங்கிக்கொண்டு, பேர் தெரியாத ஊரிலை ஒரு அறைக்குள்ளை பூட்டி வைக்கிறவர். என்னையும் ஒருத்தர் 2007இலை நைரோபியிலை இறக்கினவர். பதினொரு பேர், ஒரு அறை, மூண்டு மாதம். யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்துச் சுவர். அந்த நகரத்தின்ரை எல்லையிலேயே ஒரு தேசியப் பூங்கா இருக்கு, அதுக்குள்ளை சிங்கமும் காண்டாமிருகமும் நிக்குது எண்டு லண்டன் வந்து கன வருசத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும்.

இதை இப்ப ஏன் சொல்லுறன் எண்டால், போன மாதம் ஈஸ்ற்ஹாமிலை ரிக்கற் போடுற தெரிஞ்ச அண்ணை ஒருத்தர் போன் எடுத்தவர்.

"தம்பி, கொழும்பு ரிக்கற்றிலை இப்ப ஒண்டும் மிஞ்சுதில்லை. பெடியள் நெற்றிலை தாங்களே போடுதுகள். ஆபிரிக்கா சஃபாரி விப்பம் எண்டு பாக்கிறன். நீ அங்கை நிண்டனி தானே?"

நிண்டனான்தான். அறைக்குள்ளை.

எண்டாலும் கடைக்குப் போனன். ஆரோ மொத்தமா விக்கிறவை அனுப்பின தாளைக் காட்டினார். ஏழு நாள், நாலு பூங்கா, ஒரு வானுக்கை ஏழு பேர். 'சிங்கம் நிச்சயம்' எண்டு வேறை போட்டிருக்கு. கம்பசிலை புவியியலைப் பாதியிலை விட்டவன் எண்டாலும் வரைபடத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இராது. ரெண்டு மூண்டு இரவு குசினி பூட்டினாப் பிறகு இருந்து வாசிச்சன். வாசிச்சதிலை வந்த என்ரை அபிப்பிராயம் இது.

அந்தத் தாள் ஒரு செற் மெனு. ஆர் வந்தாலும் ஒரே கோப்பை. ஆனால் ஆளுக்கேத்த மாதிரிச் செய்து குடுக்கிற பயணம் எண்டால் முதலிலை வாற ஆளைக் கேக்கவேணும். எந்த மாதம் லீவு? ஓகஸ்ற் எண்டால் கென்யாவின்ரை மாசாய் மாராவிலை காட்டுமாடுகள் ஆறு கடக்கிற காலம். பெப்ரவரி எண்டால் அதே மாடுகள் தன்சானியாவிலை, செரெங்கெற்றியின்ரை தெற்கிலை கன்று போட்டுக்கொண்டு நிக்கும். ஏப்ரல், மே பெருமழை. மலிவு, ஆனால் வண்டி சேத்திலை புதையும். முழங்கால் வருத்தத்தோடை அம்மாவும் வாறா எண்டால் அந்தக் குண்டும் குழியுமான றோட்டிலை கூட்டிக்கொண்டு போகேலாது. நைரோபியிலை இருந்து சின்னப் பிளேன் இருக்கு. ஆனால் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மெத்தெண்ட பை. கொழும்புக்கு 46 கிலோ கட்டிப் பழகின சனத்துக்கு இதை முன்கூட்டியே சொல்லவேணும். சொப்பிங் பையிலை புளிச்சாதம் கட்டிக்கொண்டு போகவும் ஏலாது. கென்யா 2017இலேயே பிளாஸ்ரிக் பையைத் தடை செய்திட்டுது.

இதெல்லாம் தொழில் தெரிஞ்ச எந்த ஏஜென்சியும் சொல்லும். நான் அண்ணைக்குச் சொன்னது அடுத்த கேள்வியைத்தான். குடுக்கிற காசு ஆருக்குப் போகுது?

மாசாய் மாரா காப்பகத்துக்கு 2024இலை இருந்து யூலை முதல் டிசெம்பர் வரை வெளிநாட்டார் ஒருத்தருக்கு நாளுக்கு 200 டொலர். அந்தக் காசு அரசாங்கப் பக்கம் போகும். ஆனால் காப்பகத்துக்கு வெளியிலை, அதைச் சுத்தி, மாசாய் குடும்பங்களின்ரை சொந்தக் காணி இருக்கு. அதுகளை ஒண்டாச் சேத்து, தங்குமிடம் நடத்திறவைக்குக் குத்தகைக்கு விட்டிருக்கினம். நபோயிஷோ எண்ட இடம் 2010இலை அப்பிடித் தொடங்கினது. கிட்டத்தட்ட 50,000 ஏக்கர், 500க்கு மேலை காணிக்காரர். கட்டில் எண்ணிக்கைக்கும் வண்டி எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு. குத்தகைக் காசு வந்தால் காணிக்காரன் வேலி போடமாட்டான், மாடு மேய்க்கவும் இடம் விடுவினம், சிங்கத்துக்கும் நடக்க வழி இருக்கும். விலங்கு தப்பிறது இப்பிடித்தான். எங்கடை நல்ல மனசாலை இல்லை.

றுவாண்டாவிலை மலைக் கொரில்லா பாக்க ஆளுக்கு 1,500 டொலர். ஒரு கூட்டத்துக்கு நாளுக்கு எட்டுப் பேர், ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான். பூங்கா வருமானத்திலை பத்து வீதம் சுத்தியிருக்கிற ஊருகளுக்கு. விலையைக் கேட்டவுடனை ஏஜென்சிக்காரர் தலையைச் சொறியக்கூடாது. ஏன் இந்த விலை எண்டு விளங்கப்படுத்தத் தெரியவேணும். விளங்கப்படுத்தத் தெரியாதவர் மலிவானதைத்தான் விப்பார். ஒரு சிங்கத்தை இருபது வான் சுத்தி நிக்கும்.

மூண்டாவது கேள்விதான் எனக்கு நெஞ்சிலை குத்தினது. இது ஆற்றை நிலம்?

செரெங்கெற்றியிலை இருந்த மாசாய் சனத்தை 1959இலை வெளியேத்தினவை. "உங்களுக்கு அங்கை இடம்" எண்டு பக்கத்திலை ங்கொரொங்கொரோவைக் காட்டினவை. இப்ப 2022இலை இருந்து அங்கையிருந்தும் கிளப்பிக் கொண்டிருக்கினம். அதே வருசம் யூனிலை லொலியொண்டோ எண்ட இடத்திலை 1,500 சதுர கிலோமீற்றருக்கு எல்லைக்கல் நடப் போக, சனம் மறிக்க, பொலிசு சுட்டது. ஒரு பொலிஸ்காரரும் செத்தவர். கனபேர் எல்லை கடந்து கென்யாவுக்கு ஓடிச்சினம். சொன்ன காரணம், விலங்குகளைப் பாதுகாக்கிறது.

நான் வலிகாமம் வடக்கு. 1990இலை பத்து வயதிலை அப்பாவின்ரை சைக்கிள் பாரிலை இருந்து வெளிக்கிட்டவன். எங்கடை பக்கத்துக் கடற்கரையிலை பிறகு ஒரு உல்லாச விடுதி வந்தது. அதிலை வந்து நிண்டு கடல் குளிச்ச சனத்தை நான் கோவிக்கேல்லை. அது ஆற்றை காணி எண்டு அவைக்கு ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம். ரிக்கற் வித்தவர் சொல்லியிருக்கலாம்.

அண்ணை சிரிச்சார். "தம்பி, உதெல்லாம் சொன்னால் ஆர் வாங்குவினம்? ஹொலிடே போற சனம் அழுறதுக்கே போகுது?"

அழத் தேவையில்லை அண்ணை. போகவேண்டாம் எண்டும் நான் சொல்லேல்லை. 2020இலை கொரோனாவாலை ஆக்கள் வராமல் நிக்க, குத்தகைக் காசு குறைஞ்சு அந்தக் காணிக்காரச் சனமும் கஷ்டப்பட்டது. போகத்தான் வேணும். ஆனால் விக்கிறவர் மூண்டு கேள்வி கேக்கவேணும்: காணி ஆற்றை, குத்தகை ஆருக்கு எவ்வளவு, வேலை செய்யிறவை எந்த ஊர்? மறுமொழி தராத கொம்பனியின்ரை தாளை மேசையிலை வைக்கக்கூடாது. இன்னொண்டு, பிளேனையும் தங்குமிடத்தையும் சேத்து விக்கிறதெண்டால் இங்கை அட்டோல் பாதுகாப்பு வேணும். ஏஜென்சியிட்டைக் காசைக் குடுத்திட்டுத் தெருவிலை நிண்ட அனுபவம் எங்களுக்குப் போதும்.

கடைசியிலை அண்ணை கேள்வியளை எழுதி நாலு கொம்பனிக்கு அனுப்பினார். மூண்டு பேர் சிங்கப் படம் அனுப்பிச்சினம். ஒருத்தர் மட்டும் குத்தகைக் கணக்கு அனுப்பினார்.

இப்ப அந்த ஒருத்தரோடைதான் கதைச்சுக் கொண்டிருக்கிறார். எனக்கும் ஒரு ரிக்கற் மலிவாத் தருவாராம். மலிவா வேண்டாம் எண்டன். நைரோபியிலை இறங்கினால், அந்த அறை இருந்த தெருவையும் ஒருக்காப் பாக்கவேணும்.